காருக்கு முதல் அப்கிரேடு எது? ஐம்பதாயிரத்தை எங்கே போடுவது?

இந்த எபிசோடுக்கான விஷயம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்து வருது. அவர்கிட்ட மூன்று வருஷம் ஓடின 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கு. வாரநாள்ல ஓ.எம்.ஆர்.ல ஆபீஸ் போறது, வாரக்கடைசியில ஏற்காடு, பாண்டிச்சேரி, சொந்த ஊர். கையில 50,000 ரூபாய் இருக்கு. "ப்ரோ, ரீமேப் பண்ணலாமா, எக்ஸாஸ்ட் மாத்தலாமா, இல்ல ஏர் ஃபில்டர்ல ஆரம்பிக்கலாமா?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். அவர் கேட்ட மூன்றுமே முதல் அப்கிரேடு இல்லை. முதல்ல டயர், அடுத்தது பிரேக், அதுக்கு அப்புறம் சஸ்பென்ஷன். எஞ்சின் பவர் கடைசி. அது வேண்டாம்னு கூட முடிவு பண்ணலாம். ஏன் இந்த வரிசைன்னு காரணத்தோடவும் கணக்கோடவும் சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடு.

பெர்ஃபாமென்ஸ்னா என்ன?

நம்ம பேச்சுல பெர்ஃபாமென்ஸ்னா வேகம்னு ஆயிடுச்சு. எத்தனை பி.எஸ். பவர், நூறைத் தொட எத்தனை செகண்ட், அவ்வளவுதான் பேசறோம். ஆனா ஒரு கார் மொத்தமா மூன்று வேலைதான் செய்யுது: வேகம் எடுக்குது, திரும்புது, நிக்குது. இந்த மூன்றுமே தரையைத் தொடற நாலு ரப்பர் துண்டு வழியாத்தான் நடக்கணும். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடற இடம் ஏறக்குறைய நம்ம உள்ளங்கை அளவுதான். எஞ்சின்ல எத்தனை பவர் இருந்தாலும், பிரேக் எவ்வளவு பெருசா இருந்தாலும், அந்த நாலு உள்ளங்கை தாங்கறதுக்கு மேல எதுவும் நடக்காது.

அதனால யோசிக்கிற வரிசையும் தரையிலிருந்து மேல போகணும். டயர், பிரேக், சஸ்பென்ஷன், கடைசியா எஞ்சின். நிறைய பேர் இதைத் தலைகீழாப் பண்றாங்க. எஞ்சின் சத்தம் காதுக்குக் கேட்கும், எக்ஸாஸ்ட் கண்ணுக்குத் தெரியும். நல்ல டயர் போட்டா பக்கத்து வண்டிக்காரருக்கு எதுவும் தெரியாது. அதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

பூஜ்யமாவது படி: காரை முதல்ல பழைய நிலைக்குக் கொண்டு வாங்க

புதுசா எதையும் வாங்கறதுக்கு முன்னாடி, கம்பெனி கொடுத்த பெர்ஃபாமென்ஸே இப்ப வண்டியில இருக்கான்னு பாருங்க. மூன்று, நாலு வருஷம் ஓடின காருல அது கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சிருக்கும். தினமும் ஓட்டறதால நமக்குத் தெரியாது.

டயர் காத்து சரியா இருக்கா? டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, தூண்ல ஒரு ஸ்டிக்கர்ல அளவு போட்டிருக்கும். காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்து இருக்கும்போது பார்க்கணும். மதிய வெயில்ல இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு பங்க்ல பார்த்தா அளவு கூடுதலாத்தான் காட்டும். அதை நம்பிக் காத்தை இறக்கிட்டா, மறுநாள் காலையில குறைஞ்ச காத்தோட ஓட்டிட்டு இருப்பீங்க.

வீல் அலைன்மென்ட் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு? ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சும் வண்டி ஒரு பக்கம் இழுக்குதா? ஏர் ஃபில்டர் அடைஞ்சிருக்கா? ஸ்பார்க் பிளக் மாத்த வேண்டிய கிலோமீட்டர் தாண்டிடுச்சா? ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது கீழே "டொக்கு டொக்கு"னு சத்தம் வருதா? வந்தா சஸ்பென்ஷன் புஷ்ஷோ லிங்க் ராடோ தேய்ஞ்சிருக்கலாம்.

இதையெல்லாம் சரி பண்ண ஒரு சில ஆயிரம் ரூபாய் ஆகும். இதை முடிச்சுட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பாதிப் பேருக்கு "வண்டி மாறிடுச்சே"ன்னு தோணும். அந்த ஆசை அங்கேயே தீர்ந்துட்டா ரொம்ப நல்லது, பணம் மிச்சம்.

முதல் படி: டயர்

இப்ப ஒரு கணக்கு. ரெண்டு கார், ரெண்டும் ஒரே மாடல், ரெண்டும் மணிக்கு 80 கிலோமீட்டர்ல போகுது. முன்னாடி ஒரு மாடு குறுக்கே வருது. ரெண்டு டிரைவரும் ஒரே நொடியில பிரேக்கை முழுசா மிதிக்கறாங்க. ரெண்டுலயும் ஏபிஎஸ் இருக்கு. வித்தியாசம் டயர் மட்டும்தான். ஒண்ணு நல்ல டயர், ரோட்டோட அதன் பிடிப்பு 0.8னு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு தேய்ஞ்சு காய்ஞ்ச டயர், பிடிப்பு 0.6.

பிரேக் பிடிச்ச இடத்திலிருந்து முதல் கார் சுமார் 31 மீட்டர்ல நின்னுடும். ரெண்டாவது காருக்கு 42 மீட்டர் வேணும். பத்து மீட்டர்தானேன்னு தோணும். ஆனா முக்கியமான விஷயம் இது: முதல் கார் முழுசா நின்ன அதே இடத்தை ரெண்டாவது கார் தாண்டும்போது அதோட வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். பாதி வேகம் இன்னும் மிச்சம் இருக்கு. ஒருத்தர் மாட்டுக்கு முன்னாடி நின்னு ஹார்ன் அடிச்சிட்டு இருப்பார். இன்னொருத்தர் 40ல போய் மோதியிருப்பார்.

இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அந்தப் பட்ஜெட்ல வேற எந்தப் பொருளும் கொடுக்காது. வேகம் எடுக்கும்போதும் திரும்பும்போதும் அதே பிடிப்புதான் வேலை செய்யுது. அதனாலதான் டயரை நான் பாதுகாப்புச் செலவுன்னு மட்டும் பார்க்கல. முதல் பெர்ஃபாமென்ஸ் அப்கிரேடே அதுதான்.

சரி, எந்த டயர்? பிராண்டு சண்டைக்கு நான் வரல. கவனிக்க வேண்டியது நாலு.

ஒண்ணு, சைஸ். ஸ்விஃப்ட்ல கீழ் வேரியண்ட்ல 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்ல 185/65 ஆர்15 வந்திருக்கு. முதல் எண் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது எண், அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச் சுவரோட உயரம்னு சொல்லுது. கடைசி எண் ரிம்மோட விட்டம், இஞ்சுல. கணக்குப் போட்டா 14 இஞ்ச் டயரோட மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர், 15 இஞ்ச் டயரோடது சுமார் 621. ரிம் பெருசானாலும் மொத்த உயரம் ஏறக்குறைய மாறல. கம்பெனி இப்படித்தான் பண்ணும், ஏன்னா உயரம் மாறினா ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டும், கியர் விகிதமும் மாறின மாதிரி ஆயிடும். 205/55 ஆர்16 போட்டீங்கன்னா உயரம் 632 ஆயிடுது. மீட்டர்ல தெரியறதை விட வண்டி கொஞ்சம் வேகமாப் போயிட்டு இருக்கும், பிக்கப்பும் கொஞ்சம் மந்தமாகும்.

என்னோட யோசனை: உங்க மாடலோட டாப் வேரியண்ட்ல கம்பெனியே என்ன சைஸ் கொடுக்குதோ, அதைத் தாண்டாதீங்க. கீழ் வேரியண்ட் வெச்சிருக்கறவங்களுக்கு 14லிருந்து 15க்குப் போறது அர்த்தமுள்ள அப்கிரேடு. 17 இஞ்ச் ரிம் போட்டா படத்துல நல்லா இருக்கும். ஆனா பக்கச் சுவர் மெலிஞ்சு போறதால நம்ம ஊர் பள்ளத்துல ரிம் வளையும், டயர் வீங்கும். பெரிய ரிம்மும் பெரிய டயரும் எடையும் கூடுதல். சக்கரத்துல ஏறற எடையை எஞ்சின் ஒவ்வொரு முறையும் சுழற்றியாகணும், பிரேக் ஒவ்வொரு முறையும் நிறுத்தியாகணும், சஸ்பென்ஷன் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கியாகணும். அலாய்னு பேர் இருக்கறதாலயே லேசா இருக்கும்னு கிடையாது. கடையில தராசு வெச்சுக் கேளுங்க.

ரெண்டு, தயாரிச்ச தேதி. டயர் பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2324னு இருந்தா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். ரப்பர் சும்மா இருந்தாலும் வயசாகும். நல்ல தள்ளுபடின்னு சொல்லி ரெண்டு வருஷம் குடோன்ல கிடந்த டயரைத் தலையில கட்டறது நடக்கும். வண்டியில மாட்டறதுக்கு முன்னாடியே நாலு டயரோட எண்ணையும் பார்த்துடுங்க.

மூன்று, தேய்மானம். டயர் பள்ளங்களுக்கு நடுவுல சின்னச் சின்ன மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டு அளவுக்குத் தேய்ஞ்சா, மிச்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதோட டயர் முடிஞ்சது. ஆனா மழையில அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். பள்ளத்தோட வேலையே தண்ணியை வெளியே தள்றது. 3 மில்லிமீட்டருக்குக் கீழ போகும்போதே ஈர ரோட்டுப் பிடிப்பு வேகமாக் குறையும். தண்ணி தேங்கின ரோட்டுல 80ல போகும்போது டயர் தரையை விட்டுத் தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சா, ஸ்டீயரிங் வெண்ணெய் மாதிரி லேசாகும். அந்த நேரத்துல ரீமேப் எதையும் காப்பாத்தாது. சென்னைக்காரங்க புது டயர் வாங்கணும்னா அக்டோபருக்கு முன்னாடி வாங்கிடுங்க.

நாலு, எந்தக் குணத்துக்காக வாங்கறோம்கிறது. ரொம்ப நாள் உழைக்கிற டயர், மைலேஜ் தர்ற டயர், நல்லாப் பிடிக்கிற டயர், சத்தம் இல்லாத டயர், எல்லாம் ஒரே டயர்ல முழுசாக் கிடைக்காது. 80,000 கிலோமீட்டர் ஓடும்னு சொல்ற கெட்டியான ரப்பர் பொதுவா பிடிப்புல கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கடைக்காரர் "எது நல்லா ஓடுது"ன்னு அதிகம் விற்கறதைத்தான் சொல்வார். நீங்க "ஈர ரோட்டுல பிடிக்கணும், உழைப்பு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை"ன்னு தெளிவாச் சொல்லுங்க. நாலையும் சேர்த்து மாத்தறது நல்லது. ரெண்டுதான் முடியும்னா புதுசைப் பின்னாடி போடுங்க. முன்பக்கம் இழுக்கிற வண்டிக்கு முன்னாடிதானே போடணும்னு தோணும். ஆனா மழையில பின்பக்கம் பிடி விட்டா வண்டி சுத்திடும், சாதாரண டிரைவரால அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

ரெண்டாவது படி: பிரேக்

பிரேக்னாலே பெரிய டிஸ்க், சிவப்புக் காலிப்பர்னு மனசு போகும். போக வேண்டாம். ஏபிஎஸ் வேலை செய்யற அளவுக்கு உங்க பிரேக் ஏற்கனவே பிடிக்குதுன்னா, ஒரே ஒரு முறை நிறுத்தறதுல எல்லை வைக்கிறது டயர். பெரிய பிரேக் அந்தத் தூரத்தைக் குறைக்காது. பெரிய பிரேக்கோட பயன் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது சூட்டைத் தாங்கறதுல இருக்கு.

சூடு எவ்வளவு வரும்? பிரேக்ங்கிறது வேகத்தைச் சூடா மாத்தற கருவி. நாலு பேரும் சாமானும் சேர்த்து 1,200 கிலோ வண்டியை நூறிலிருந்து ஒரு முறை நிறுத்தினா ஒரு அளவு சூடு. அதே வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து மலை இறங்கும்போது, கியரோட உதவி இல்லாம பிரேக்காலேயே முழு வேகத்தையும் பிடிச்சா, வர்ற சூடு நூறிலிருந்து 25 முறை நிறுத்தினதுக்குச் சமம். அதுவும் நடுவுல ஆற நேரம் இல்லாம. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் கல்லட்டியோட 36 வளைவும் ஏன் இவ்வளவு பயமுறுத்துதுன்னு இப்ப புரியுதா? முதல் அல்லது ரெண்டாவது கியர்ல இறங்குங்கன்னு போர்டு வெச்சிருக்கறது சும்மா இல்லை.

இங்கே பணம் கம்மி, பலன் அதிகம்னு ஒரு அப்கிரேடு இருக்கு: பிரேக் ஆயில். காத்துல இருக்கிற ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். டாட் 3 ரகம் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரவிதி. ஈரம் ஏறின நிலையில அது 140 ஆயிடும். டாட் 4க்குப் புதுசுல 230, ஈரத்தோட 155. டாட் 5.1க்கு 260, ஈரத்தோட 180. ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால பெடலை மிதிச்சா அது தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. கீழே இறங்கி அரை மணி நேரம் ஆறினா மறுபடி சாதாரணமா வேலை செய்யும். "பிரேக் நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்ல வைக்கிற கோளாறு இது.

பெரும்பாலான கம்பெனிகள் ஏறக்குறைய ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாத்தச் சொல்லுது. நிறைய வண்டியில வாங்கின நாள்லேர்ந்து ஊத்தின ஆயில்தான் ஓடிட்டு இருக்கு. பழசை முழுசா வெளியே எடுத்துட்டு, உங்க மேனுவல் அனுமதிக்கிற ரகத்துல புதுசு ஊத்தச் சொல்லுங்க. ஒரு எச்சரிக்கை: டாட் 5ம் டாட் 5.1ம் ஒண்ணு இல்லை. டாட் 5 சிலிக்கான் ரகம், மத்ததோட கலக்கவே கூடாது.

அடுத்தது பேட். தேய்ஞ்சிருந்தா நல்ல தரமான பேட் போடுங்க. ரேஸ் பேட் வேண்டாம். அது சூடானாத்தான் பிடிக்கும். காலையில வீட்டுத் தெருவுல முதல் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். தெருவுக்குன்னு செஞ்ச பேட் போதும். எதைப் போட்டாலும் ஆரம்பத்துல ஒரு சில டஜன் முறை மிதமாப் பிடிச்சு டிஸ்க்கோட படிய விடணும்.

மூன்றாவது படி: சஸ்பென்ஷன்

இங்கே ரொம்பப் பொதுவான ஆசை, வண்டியைத் தாழ்த்தறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தற பழக்கமும் இருக்கு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பண்ணாதீங்க. வெட்டின ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நழுவலாம். ஷாக் அப்சார்பர் அந்த நீளத்துக்குச் செஞ்சது இல்லை, அதனால அது அடிவாங்கி சீக்கிரம் போயிடும். பள்ளத்துல சஸ்பென்ஷன் முழுசா அமுங்கி இடிக்கும்போது டயர் தரையை விட்டுக் கிளம்பும். பிடிப்புக்காகப் பண்ணின வேலை பிடிப்பையே கெடுக்கும். நம்ம தெருவுல வெள்ளை வர்ணம் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் வேற இருக்கு.

சரியான முதல் வேலை, தேய்ஞ்ச ஷாக் அப்சார்பரையும் புஷ்ஷையும் புதுசாக்கறது. 60,000, 70,000 கிலோமீட்டர் ஓடின வண்டியில நாலு ஷாக்கும் புதுசு போட்டா, வளைவுல சாயறது, பிரேக்ல முன்பக்கம் குனியறது, ஹைவே மேம்பாலத்து மூட்டுல துள்ளறது எல்லாம் குறையும். வேற பிராண்டு கொஞ்சம் இறுக்கமான ஷாக் போடணும்னாலும் ஸ்பிரிங்கோட பொருந்தற ஜோடியா வாங்குங்க. முடிச்சதும் அலைன்மென்ட் கட்டாயம்.

நம்ம நேயரோட வண்டிக்கு மூன்று வருஷம்தான் ஆகுது. அவருக்கு இந்தப் படி இப்போதைக்கு வேண்டியிருக்காது. பார்த்துட்டு விட்டுடலாம்.

கடைசிப் படி: எஞ்சின் பவர்

இப்ப எல்லாரும் காத்திருந்த இடத்துக்கு வந்துட்டோம்.

ஏர் ஃபில்டர். நல்ல நிலைமையில இருக்கிற கம்பெனி ஃபில்டரை எடுத்துட்டு ரெண்டாயிரமோ அஞ்சாயிரமோ கொடுத்து வேற போட்டா, சாதாரண எஞ்சின்ல ஓட்டும்போது உணர்ற அளவுக்குப் பவர் வராது. எஞ்சின் இழுக்கிற காத்துக்குக் கம்பெனி ஃபில்டரே தாராளம். ஓப்பன் ஃபில்டர் போட்டா சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் நிறைய பேர் பிக்கப் ஏறிடுச்சுன்னு நினைக்கறாங்க. இன்னொரு பிரச்சனை, திறந்த ஃபில்டர் பானட்டுக்குள்ள இருக்கிற சூடான காத்தை இழுக்கும். 25 டிகிரி காத்தோட ஒப்பிட்டா 40 டிகிரி காத்துல ஆக்சிஜன் சுமார் 5 சதவீதம் கம்மி. சென்னை மே மாசத்துல பானட்டுக்குள்ள அதைவிட ரொம்ப சூடா இருக்கும். பணம் கொடுத்துப் பவரைக் குறைச்சுக்கற வேலை.

பிரீமியம் பெட்ரோல். ஆக்டேன்ங்கிறது சக்தியோட அளவு இல்லை. எஞ்சினுக்குள்ள நேரம் தப்பி வெடிக்காம எவ்வளவு தாங்கும்கிறதோட அளவு. சாதாரண பெட்ரோலுக்குன்னு செஞ்சு, அதுக்குன்னே டியூன் பண்ணின எஞ்சின்ல 95, 100னு ஊத்தினா பெரிசா எதுவும் மாறாது.

பெடல் பாக்ஸ். ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவுல மாட்டற சின்னக் கருவி. பாதி மிதிச்சா முக்கால்வாசி மிதிச்சதா எஞ்சின்கிட்ட சொல்லும். வண்டி துடிப்பா இருக்கிற மாதிரி தோணும். முழுசா மிதிச்சா முன்னாடி இருந்த அதே பவர்தான். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினா இலவசமாக் கிடைக்கிற விஷயம்.

ரீமேப். இங்கேதான் உங்க எஞ்சின் எந்த வகைன்னு தெரியணும். ஸ்விஃப்ட்ல இருக்கிற மாதிரி டர்போ இல்லாத எஞ்சின், வெளிக்காத்து தானா எவ்வளவு உள்ளே வருதோ அதை வெச்சுத்தான் வேலை பார்க்க முடியும். மென்பொருளை மாத்தினா பற்றவைக்கிற நேரத்தையும் பெட்ரோல் அளவையும் கொஞ்சம் திருத்தலாம். கூடுதலாக் காத்தைத் திணிக்க முடியாது. அதனால 90 பி.எஸ். எஞ்சின்ல 5 சதவீதம் வந்தா நாலு, அஞ்சு பி.எஸ். டிரைவரோட சேர்ந்து வண்டி எடை ஆயிரம் கிலோவுக்குப் பக்கம். ஒரு நண்பரை வீட்டுல இறக்கி விட்டாலே அந்த வித்தியாசம் கிடைச்சுடும். ஏசியை ஆஃப் பண்ணினாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

டர்போ எஞ்சின் கதை வேற. டர்போ காத்தை அமுக்கி உள்ளே தள்ளுது. எவ்வளவு அமுக்கணும்னு முடிவு பண்றது ஈசியூ. சுமாரான பெட்ரோல், கடும் வெயில், மலை ஏத்தம், லட்சம் கிலோமீட்டர் ஆயுள், புகை விதி, இதையெல்லாம் யோசிச்சுக் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு வெச்சிருக்கும். ரீமேப் அந்த இடத்தை எடுத்துக்குது. போலோ 1.0 டிஎஸ்ஐ மாதிரி 110 பி.எஸ்., 175 என்.எம். வண்டியில நிஜமாவே உணர்ற அளவுக்கு ஏத்தலாம். டர்போ டீசல்லயும் அப்படித்தான். ஆனா எடுத்தது சும்மா கிடந்த பவர் இல்லை. அது கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ, பிஸ்டன் எல்லாத்துக்கும் வெச்சிருந்த பாதுகாப்பு இடைவெளி. அதைச் செலவு பண்றோம்னு தெரிஞ்சே செலவு பண்ணணும்.

எக்ஸாஸ்ட். பின்பக்க மஃப்ளர் மட்டும் மாத்தினா சத்தம்தான் கூடும். கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழட்டினா நச்சுப் புகை வடிகட்டாம வெளியே போகும். அந்தப் புகை முதல்ல போறது உங்க பின்னாடி சிக்னல்ல நிக்கிற பைக்காரர் மூக்குக்கு.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாம மாத்தின உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சத்தம், புகை விதியை மீறினா பிரிவு 190ன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாசம் லைசென்ஸ் தகுதி இழப்பும் வரலாம்.

ஜி.பி. ரோடுல கடையில விக்கறாங்களேன்னு கேட்பீங்க. விக்கறது ஒண்ணு, ரோட்டுல ஓட்டறது இன்னொண்ணு. மாட்டிக்கறது வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க. நிறைய வீட்டுல அது அப்பா பேர்லதான் இருக்கும். அதையும் யோசிச்சுக்கோங்க.

அபராதம் கூட சின்ன விஷயம். பெரிய விஷயம் இன்ஷூரன்ஸ். பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றம் வண்டியில இருந்தா, விபத்துக்கு அப்புறம் கிளெய்மை மறுக்க அது காரணமாகலாம். வாரண்டியும் அப்படித்தான். ரீமேப் பண்ணின எஞ்சின்ல ஏதாவது போனா ஷோரூம் கைவிரிக்கும். வாரண்டி மிச்சம் இருக்கிற வண்டியில எஞ்சின் பக்கம் கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டு வெச்சுக்கோங்க.

கவனிச்சீங்களா, நான் சொன்ன முதல் மூன்று படியில இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த சைஸ்ல நல்ல டயர், புது பிரேக் ஆயில், தெரு பேட், புது ஷாக், எல்லாமே சாதாரணப் பராமரிப்புக் கணக்குல வந்துடும்.

அப்போ 50,000 ரூபாய்?

விலை கடைக்குக் கடை மாறும், அதனால வரிசையை மட்டும் பிடிச்சுக்கோங்க. முதல்ல பூஜ்யமாவது படி: ஃபில்டர், பிளக், புஷ் செக்கிங். அடுத்து 15 இஞ்ச்ல நாலு நல்ல டயர், அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்து. பட்ஜெட்டோட பெரும் பங்கு இங்கே போகும், போகட்டும். மூன்றாவது பிரேக் ஆயிலும், தேவைப்பட்டா முன்பக்க பேடும். இதுக்கு அப்புறமும் கணிசமா மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சத்தை ஓட்டறவர் மேல போடுங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 3.7 கிலோமீட்டர் நீள ரேஸ் டிராக் 1990லேர்ந்து இருக்கு. கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. இந்த மாதிரி இடங்கள்ல சொந்த வண்டியைக் கொண்டு வந்து ஓட்டற நாட்களும் பயிற்சி வகுப்புகளும் அவ்வப்போது நடக்கும். அங்கே ஏபிஎஸ் துடிக்கிறதை முதல் முறையாக் கால்ல உணர்வீங்க. நிறைய பேர் வருஷக்கணக்கா வண்டி ஓட்டியும் பிரேக்கை ஒரு முறை கூட முழுசா மிதிச்சதில்லை. பெடல் துடிச்சதும் பயந்து காலைத் தளர்த்திடுவாங்க. தளர்த்தாம அழுத்தியே வைக்கணும்னு உடம்புக்குப் பழக்கறதுக்கு எதிர்ல லாரி வராத ஒரு இடம் வேணும். ஈ.சி.ஆர். அந்த இடம் இல்லை. அங்கே குறுக்கே கடக்கிறவங்க இருக்காங்க, மீன் வித்துட்டு வீட்டுக்குப் போறவங்க இருக்காங்க.

டர்போ வண்டி வெச்சிருக்கீங்க, டயரும் பிரேக்கும் முடிச்சாச்சு, வாரண்டி தீர்ந்தாச்சு, சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க, இன்னமும் பவர் வேணும்னு தோணுதுன்னா, அப்ப யோசிங்க. அந்த நேரத்துல உங்க வண்டிக்கு அதைத் தாங்கற அடித்தளமாவது இருக்கும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. இன்னைக்கு சாயங்காலம் பார்க்கிங்ல இறங்கும்போது, நாலு டயர்லயும் அந்த நாலு இலக்க எண்ணைப் பாருங்க. ஸ்டெப்னியையும் சேர்த்து. என்ன வருஷம்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். சீட் பெல்ட் போட்டு ஓட்டுங்க.